புதுப்பிப்பு: சிடி ஸ்கேன் மருந்தும் மகளுக்கு வந்த தடிப்பும்

சிடி ஸ்கேனுக்குக் கான்ட்ராஸ்ட் (படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும், அயோடின் உள்ள மருந்து) ஏற்றிய சில நிமிடங்களில் மகளுக்குக் கழுத்திலும் வயிற்றிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பியது என்று எழுதியிருந்தேனே, அதன் தொடர்ச்சி இது. அலர்ஜி டாக்டரைப் பார்த்தாகிவிட்டது.

‘அந்த மருந்தில் அயோடின் இருக்கிறதே, இனி அவள் இறால் சாப்பிடலாமா?’ என்று நிறையப் பேர் கேட்டதற்கு முதலில் பதில்: தாராளமாகச் சாப்பிடலாம். இறால் அலர்ஜி அதன் புரதத்தால் வருவது, அயோடினால் அல்ல. இந்தக் கட்டுக்கதை எப்படித்தான் இன்னும் ஓடுகிறதோ!

டாக்டர் கேட்டது ஏற்றியது எந்த மருந்து என்பதைத்தான். டிஸ்சார்ஜ் தாளில் வெறும் ‘கான்ட்ராஸ்ட்’ என்றுதான் இருந்தது, ஸ்கேன் சென்டரில் நச்சரித்து ஐயோஹெக்சால் என்று எழுதி வாங்கினோம். இனிக் கான்ட்ராஸ்ட் கட்டாயம் தேவைப்பட்டால் அதே வகையில் வேறு மருந்து, அலர்ஜியைத் தடுக்க அதற்குப் பல மணி நேரம் முன்பிருந்தே ஸ்டீராய்டு. அப்புறம், எம்ஆர்ஐக்குப் போடும் கடோலினியம் வேறு இனமாம், அதற்குத் தடையில்லை.