சனிக்கிழமை கிராம சபைக்கு யாரு வர்றீங்க? (திருப்பூர் பக்கம் எங்க 3வது வீதி வாட்ஸ்அப் குரூப்ல புதன்கிழமை ராத்திரி ஓடுன பேச்சு)

புதன், 8 அக்டோபர் 2025

நான் (8:12): (போட்டோ)
சனிக்கிழமை காலைல 11 மணிக்கு கிராம சபைங்க, ஸ்கூல் கிரவுண்டுல. கம்பெனி விட்டு வர்ற வழில நோட்டீஸ் போர்டுல பாத்தேன். நம்ம வீதில இருந்து யாரு யாரு வர்றீங்கன்னு இப்பவே சொல்லிருங்க

மளிகைக்கடை அக்கா: சனிக்கிழமையா, சம்பள நாளாச்சே கண்ணு. அன்னிக்கு எந்த கம்பெனில விடுவாங்க

செக்கிங் அக்கா: எனக்கு வழியே இல்ல. அரை ஷிப்ட் போனா தீவாளி போனஸ் கணக்குல வேற கை வெப்பாங்க

பவர்டேபிள் அண்ணா: நா வரலாம் அம்மணி, கம்பெனிக்கு கூலிக்கு தைச்சுக் குடுக்கற என் பட்டறைல இருந்தும் சும்மாதான உக்காந்திருக்கேன். 16 மெஷின்ல 6தான் ஓடுது, அதுவும் உள்ளூர் உருப்படி. எக்ஸ்போர்ட் பீஸ் வந்து மூணு வாரம் ஆச்சு. ஆனா அங்க வந்து என்னத்த பேசறது, நம்ம பிரச்சன பஞ்சாயத்துலயா தீரும்

மெர்ச்சண்டைசர் பாப்பா: எங்க கம்பெனிலயும் அதே நெலமதாங்கண்ணா. ஆகஸ்ட் 27ல இருந்து அமெரிக்கால நம்ம நாட்டு சரக்குக்கு 50 சதவீதம் வரி. காட்டன் டி சர்ட்டுக்கு ஏற்கனவே 16.5 இருந்துச்சு, அது மேல இது. பங்களாதேசுக்கும் வியட்நாமுக்கும் போட்டது 20தான், துணி வாங்கற அமெரிக்கா பையர் எங்க போவாங்கன்னு நீங்களே பாத்துக்கங்க. மெயில்ல தெனமும் டிஸ்கவுண்ட் கேக்கறாங்க, வரில பாதிய நீங்க தாங்குங்கன்னு

பவர்டேபிள் அண்ணா: அந்த பாதிய கம்பெனி எங்கிட்ட கேக்கறான் பாப்பா, பீஸ் ரேட்ட கொறச்சுக்கன்னு. நா யாருகிட்ட போய் கேப்பேன், எங்கிட்ட தைக்கற புள்ளைங்ககிட்டதான்

நான்: இத ரொம்ப நாளா மனசுல வெச்சிருக்கேன், நீளமா வரும், பொறுமையா படிங்க. நா 19 வருசமா பனியன் கம்பெனில ஓவர்லாக் மிசின் அடிக்கறேன். நம்ம தைக்கற பீசுக்கு என்ன ரேட்டுன்னு நம்ம முடிவு பண்றதில்ல, பாத்தா ஓனரும் முடிவு பண்றதில்ல, எங்கயோ ஒரு பையர் ஆபீஸ்ல முடிவாகுது, வரிய வாசிங்டன்ல போடறாங்க, அந்த எடத்துல எல்லாம் நம்ம வாய்க்கு வேலையே இல்ல. நம்ம போடற தீர்மானத்த எழுதி வெச்சே ஆகணும்னு சட்டம் இருக்கற எடம் கிராம சபைதான். அதுக்கும் மிசின்ல உக்காந்திருக்கறவ வர முடியாத நேரமா பாத்து கூட்டம் வெக்கறாங்க. எப்பவும் அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி லீவுல நடக்கும், அப்ப நம்மளால போக முடிஞ்சுது, இந்த வருசம் 11க்கு தள்ளிட்டாங்க, தள்ளுனது வேல நாளுக்கு. பனியன் தைக்கறவங்களே நெறைஞ்சிருக்கற ஊராட்சில தைக்கறவங்க இல்லாமயே தீர்மானம் போட்டா அது யாரோட தீர்மானம்

வாத்தியாரய்யா: சரியான கேள்வி அம்மா. இன்னொண்ணும் சொல்றேன். 2019 டிசம்பர்ல நம்ம ஓட்டு போட்டு வந்த தலைவர், வார்டு மெம்பர் பதவிக்காலம் எல்லாம் இந்த ஜனவரி 5ஓட முடிஞ்சுது. அடுத்த எலக்ஷன் நடக்கல, தனி அலுவலர்தான் பாக்கறார். முன்ன சாக்கடை அடைச்சா மெம்பர் வீட்டு வாசல்ல போய் நிப்போம், இப்ப போய் நிக்க ஒரு வாசல் இல்ல. அதனால இந்த தடவ கிராம சபைய விடக்கூடாது. பத்தாயிரத்துக்கு மேல ஜனம் இருக்கற ஊராட்சி, 300 பேர் வந்தாத்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும்

தோட்டத்து மாமா: நா வரேன்

தோட்டத்து மாமா: பஞ்சாயத்துல பேசி என்னாகப்போகுதுன்னு கேட்டீங்கல்ல மாப்ள. எங்க நொய்யல் ஆத்துக் கதைய சொல்றேன். ஒரத்துப்பாளையம் அணை 92ல கட்டுனாங்க, பாசனத்துக்குன்னு. வந்தது பனியன் துணிக்கு சாயம் போட்ட தண்ணி. கெணத்துல உப்பு, தென்ன பூரா காஞ்சு நின்னுச்சு, மாடு அந்த தண்ணிய மோந்து பாத்துட்டு திரும்பிரும். அந்த துணிய வாங்கி போட்டவன் எவனும் வந்து கேக்கல. நாங்க விவசாயிக சங்கமா சேந்து கோர்ட்டுக்கு போனோம், வருசக்கணக்கா நடந்தோம், எங்கப்பா கேசு முடியறதுக்குள்ள போய் சேந்துட்டாரு. 2011 ஜனவரில ஐகோர்ட்டு எல்லா சாயப்பட்டறையும் மூடுன்னுது. அதுக்கப்பறந்தான் ஒரு சொட்டு வெளிய விடாம சுத்திகரிக்கற வேலைய ஒழுங்கா செய்ய ஆரம்பிச்சாங்க. உள்ளூர்க்காரன் போய் நின்னதாலதான் நடந்துச்சு

நான்: மாமா அந்த 2011 எனக்கும் ஞாபகம் இருக்குங்க. சாயம் போட பட்டறை இல்லாம துணி வராம எங்க கம்பெனில மாசக்கணக்குல வேல இல்ல, எம்பையன் கைக்கொழந்த, பால் வாங்க காதுத் தோட்ட அடமானம் வெச்சேன். அப்ப விவசாயிக மேலதான் கோவப்பட்டேன். உங்க தென்னைய காயவெச்ச தண்ணியும் என் தோடு அடமானம் போனதும் ஒரே வெலக்கொறப்புல இருந்து வந்துச்சுன்னு புரிய ரொம்ப வருசம் ஆச்சு. சாயத்தண்ணிய சுத்தம் பண்ற செலவ அந்த பனியனோட வெலைல சேத்திருந்தா ரெண்டு பேருக்கும் அந்த கதி வந்திருக்காது

தோட்டத்து மாமா: அன்னிக்கு உங்களையும் கூப்ட்டு பேசிருக்கணும் கண்ணு. நாங்களும் கூப்டல

லைன்வீட்டு ஓனர் அண்ணா: இப்ப சனிக்கிழமைக்கு என்ன கேக்கப் போறோம் அத சொல்லுங்க

நான்: சாக்கடை, குடிதண்ணி, ராத்திரி 9.30 மணி ஷிப்ட் விட்டு வர்ற ரோட்டுல லைட்டு. அப்பறம் வரிசையா ஒத்த ஒத்த ரூமா வாடகைக்கு விட்டிருக்கற லைன்வீட்டுல தங்கற வெளியூர் ஆளுகளுக்கு தண்ணியும் கக்கூசும். அண்ணா கோச்சுக்காதீங்க, உங்க லைன்ல 10 ரூம், ஒரு ரூமுக்கு நாலு பேருன்னாலும் 40 பேரு, கக்கூஸ் ரெண்டு

மெர்ச்சண்டைசர் பாப்பா: அக்கா இத நா சொல்லியே ஆகணும். எங்க கம்பெனிக்கு பையர் ஆடிட் வருவாங்க. இத்தன பேருக்கு இத்தன டாய்லெட்னு எண்ணுவாங்க, அவசர வழி கதவு பூட்டிருக்கா, தீயணைப்பு சிலிண்டருக்கு தேதி இருக்கான்னு பாப்பாங்க. 2013ல டாக்கா பக்கத்துல ராணா பிளாசாங்கற கார்மெண்ட்ஸ் கட்டடம் இடிஞ்சு 1100 பேருக்கு மேல செத்தாங்கல்ல, அதுக்கப்பறம் இன்னும் கடுமை. நல்லதுதான், நா தப்பு சொல்லல. ஆனா அந்த ஆடிட் கம்பெனி கேட்டோட முடிஞ்சுரும். கேட்ட தாண்டி அதே ஆளு எங்க தூங்கறான், எங்க குளிக்கறான்னு எந்த ஃபார்ம்லயும் கேள்வியே இல்ல. கேட்டுக்கு வெளிய கேக்க வேண்டியது நம்மதான்

லைன்வீட்டு ஓனர் அண்ணா: வாடகைய ஏத்துனா கட்டறாங்களா பாப்பா, 2020 லாக்டவுன்ல மூணு மாசம் நா வாடகையே வாங்கல தெரியுமா. அது போகட்டும். அவங்க நம்ம ஊராட்சில ஓட்டு இல்லாதவங்க, கிராம சபைன்னா ஓட்டர் லிஸ்ட்ல இருக்கறவங்கதான் சபை. அவங்களுக்காக நாம எதுக்கு தீர்மானம்

லைன்வீட்டு தம்பி: அக்கா வணக்கம். நான் பேசறேன் போன் டைப் பண்ணுது. தப்பு இருந்தா மன்னிச்சுடுங்க

லைன்வீட்டு தம்பி: எனக்கு இங்க 11 வருசம். பீகார் சமஸ்திபூர் பக்கம். அங்க அடுத்த மாசம் 6ம் தேதி 11ம் தேதி எலக்ஷன். ஊர்ல புது ஓட்டர் லிஸ்ட் வந்துச்சு, என் பேர் இல்லன்னு பெரிய அண்ணன் சொன்னார். நான் ஊர்ல இல்ல, ஃபார்ம் குடுக்க முடியல. அங்க ஓட்டு இல்ல, இங்கயும் இல்ல. பேர் இருந்தாலும் போக வர ஒரு வாரம் ட்ரெயின், சம்பளம் போகும். இதுவரை ஒரு தடவ மட்டும் ஓட்டு போட்டேன் அக்கா

வாத்தியாரய்யா: தம்பி, பீகார்ல ஆகஸ்ட் 1ம் தேதி வந்த வரைவு லிஸ்ட்லயே சுமார் 65 லட்சம் பேர் இல்ல. அதுல பாதிக்கு மேல நிரந்தரமா இடம் மாறிட்டாங்க, ஆள காணோம்ங்கற கணக்கு. வேலைக்கு வெளிய போனவங்க அதுல எத்தன பேரோ. சட்டப்படி ஒருத்தர் வழக்கமா எங்க குடியிருக்காரோ அங்க பேர் சேக்கலாம். பேரே போயிருச்சுன்னா படிவம் 6, இருக்கற பேர மாத்தணும்னா படிவம் 8. இங்க குடியிருக்கறதுக்கு ஆதாரம் வேணும், அதுக்கு ஒரு வழி வாடகை ஒப்பந்தம், அது எந்த லைன்வீட்டுலயும் எழுதறதில்ல

லைன்வீட்டு ஓனர் அண்ணா: அய்யா நா மனசுல இருக்கறத நேராவே சொல்லிர்றேன். தம்பி நல்ல பையன், எங்க வீட்டு விசேசத்துக்கு பந்தி பரிமாறுனவன். ஆனா இவங்க எல்லாம் இங்க பேர் சேத்தா நம்ம ஊர்ல யாரு ஜெயிக்கணும்னு வெளியாளுதான் முடிவு பண்ணுவான். நாளைக்கு ஆர்டர் குஜராத்துக்கு போச்சுன்னா அவனும் போயிருவான், முடிவோட நாம கெடப்போம். இது தப்பான பயமா

நான்: தப்பான பயம்னு சொல்ல மாட்டேன்ணா. ஆனா எங்கம்மா தேனி பக்கம் இருந்து என்னை இடுப்புல வெச்சுட்டு இங்க வந்தப்ப எங்களையும் வெளியூர்க்காரின்னுதான் சொன்னாங்க, எங்களுக்கு ரேசன் கார்டு வர எட்டு வருசம். அந்த எட்டு வருசமும் எங்கம்மா இந்த ஊருக்காகத்தான் பனியன் கம்பெனில கைமடி வேல பாத்தா. கார்டு வந்து ஓட்டு வந்த பொறகுதான் எங்க சந்துக்கு தண்ணிக்கொழாய் வந்துச்சு, முன்ன எத்தன தடவ கேட்டோம். ஓட்டு இல்லாத சந்துக்குள்ள எவனும் காலு வெக்கறதில்ல, அதுதான் நா கண்ணால பாத்தது. அவங்க சந்துல சாக்கடை நின்னா டெங்கு நம்ம வீட்டுக்கும்தான் வருது

வாத்தியாரய்யா: நம்ம ஜனத்துக்கே இது நடந்திருக்குங்க. இலங்கை மலையகத்துல உலகத்துக்கெல்லாம் தேயிலை பறிச்சுக் குடுத்த நம்ம ஆளுகளுக்கு 1948ல குடியுரிமை இல்லன்னு சட்டம் போட்டாங்க, கையோட ஓட்டும் போச்சு. அங்க சொன்ன காரணமும் இதுதான், வெளியாளு முடிவு பண்ணிருவான்னு. 1964ல இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்கு அப்பறம் லட்சக்கணக்குல இந்தப் பக்கம் அனுப்புனாங்க, நீலகிரில இன்னிக்கும் அந்தக் குடும்பங்க இருக்கு. தேயிலை மட்டும் எந்தத் தடையும் இல்லாம கப்பல்ல போய்ட்டேதான் இருந்துச்சு

மளிகைக்கடை அக்கா: எங்க மாமியா வீட்டுப்பக்கம் கோத்தகிரில இருக்காங்க அப்படி வந்தவங்க. வீடு வீடுன்னு பாட்டி அழுகும், எந்த வீட்ட சொல்லுதுன்னு கேட்டா அதுக்கே சொல்லத் தெரியாது

பவர்டேபிள் அண்ணா: இன்னொண்ணு யோசிங்க. 84ல நம்ம திருப்பூர்ல பஞ்சப்படிக்காக (அகவிலைப்படி) 127 நாள் ஸ்டிரைக் நடந்துச்சு, எங்கப்பா அதுல இருந்தவரு. வீட்டுல கஞ்சிக்கு வழி இல்ல, ஆனா அத்தன பேரும் ஒண்ணா நின்னாங்க. எல்லாரும் ஒரே ஊரு, ஒரே பாஷ, ஒரே டீக்கடை. இப்ப எங்கிட்ட தைக்கறவங்கள்ல ஒருத்தன் ஒரிசா, ஒருத்தன் பீகாரு, ரெண்டு புள்ளைக திண்டுக்கல்லு. ரேட்ட கொறச்சா சேந்து கேக்க மாட்டாங்க, தனித்தனியா வேற பட்டறைக்கு போயிருவாங்க. எனக்கு அது லாபந்தான், ஆனா எனக்கு மேல இருக்கறவன் எங்கிட்டயும் அதையேதான் செய்யறான்

செக்கிங் அக்கா: உண்மைங்கண்ணா

லைன்வீட்டு தம்பி: 2023 மார்ச்ல பொய் வீடியோ வந்துச்சு. தமிழ்நாட்டுல எங்க ஆளுங்கள அடிக்கறாங்கன்னு. அம்மா போன்ல அழுதாங்க வந்துரு வந்துருன்னு. ரூம்ல எல்லாரும் பை கட்டிட்டாங்க. அன்னைக்கு இந்த வீதி அக்கா மளிகைக்கடை அக்கா வந்து லைன் வாசல்ல ராத்திரி பத்து மணி வரை உக்காந்தாங்க. ஓனர் அண்ணா என் அம்மாகிட்ட வீடியோ கால்ல பேசினார். பாஷை தெரியல, கை கும்பிட்டு கும்பிட்டு பேசினார். அதனால நான் போகல

லைன்வீட்டு ஓனர் அண்ணா: அத எதுக்கு தம்பி இப்ப

லைன்வீட்டு ஓனர் அண்ணா: சரி. ஓட்டு விசயத்துல என் கருத்து மாறல, அது வேற பேச்சு. தண்ணிக்கு எழுதிக்கங்க, லைனுக்கு தனி கனெக்ஷன் கேட்டு ஆபீசுக்கு நா எத்தனையோ தடவ நடந்துட்டேன். கக்கூசு இன்னும் ரெண்டு தை மாசத்துக்குள்ள கட்டித் தரேன். வாடகை ரசீதும் எழுதித் தரேன், அத வெச்சு எங்க வேணா அப்ளை பண்ணட்டும்

நான்: அண்ணா ரொம்ப சந்தோசம். நா மனுவ எழுதிட்டேன், படிக்கறேன் கேளுங்க, தப்பிருந்தா அய்யா திருத்துங்க. "வேலைக்குப் போறவங்க வர முடியற மாதிரி கிராம சபைய ஞாயித்துக்கிழமையோ லீவு நாள்லயோ வெக்கணும்னு தீர்மானம் போட்டு மேல அனுப்பணும். ஷிப்ட் விட்டு பொம்பளைங்க நடந்து வர்ற ரோட்டுக்கு லைட் வேணும். 3வது வீதி சாக்கடைய மெயின் சாக்கடையோட சேக்கணும். லைன்வீடுகளுக்கு ஆள் கணக்குப்படி குடிதண்ணி குடுக்கணும், ஓட்டர் கணக்குப்படி இல்ல"

வாத்தியாரய்யா: அந்தக் கடைசி வரிதான் முக்கியம், அத முதல்ல வெச்சுருங்க. அப்பறம் தீர்மானப் புத்தகத்துல எழுதுன பிறகு படிச்சுப் பாத்துட்டுதான் கையெழுத்து போடணும், வெறும் பக்கத்துல யாரும் போடாதீங்க

செக்கிங் அக்கா: நானும் வரேன். அரை ஷிப்ட் போனா போகுது, சூப்பர்வைசர்கிட்ட நாளைக்கே சொல்லிர்றேன்

பவர்டேபிள் அண்ணா: எங்க பட்டறைய சனிக்கிழமை 10.30ல இருந்து ஒரு மணி வரைக்கும் மூடறேன். நாலு பேரையும் கூட்டிட்டு வரேன், அந்த நேரத்துக்கு சம்பளம் புடிக்கல

லைன்வீட்டு தம்பி: அக்கா அந்த மனுல நான் கையெழுத்து போடலாமா. எனக்கு ஓட்டு இல்ல

வாத்தியாரய்யா: மனுவுக்கு ஓட்டு வேண்டாம் தம்பி. போடு

நான்: லைன்ல இருக்கற எல்லாத்தையும் கூட்டிட்டு வா தம்பி. கையெழுத்து போட இன்னிக்கு ராத்திரி 9.30 மணிக்கு மளிகைக்கடைகிட்ட

மளிகைக்கடை அக்கா: பெஞ்ச வெளிய இழுத்துப் போட்டுட்டேன், லைட்டும் போட்டிருக்கேன். பேனா மட்டும் ரெண்டு மூணு கொண்டாங்க