கலைச்சொல் வேண்டுகோள்: ‘கிழக்கு–மேற்கு’ ஓட்டத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கோத்தகிரியிலிருந்து, திங்கள் காலை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் கல்லூரியின் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்காகத் தரவு மைய வலையமைப்பு பற்றி நான் எழுதிவரும் கையேடு வெள்ளிக்கிழமை மாலைக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் முடிந்து, ஒரே ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

வெளியே இருக்கும் வாடிக்கையாளருக்கும் தரவு மையத்துக்கும் இடையே செல்லும் தரவோட்டத்தை ஆங்கில நூல்கள் வடக்கு–தெற்கு என்கின்றன. மையத்தின் ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குச் செல்வது கிழக்கு–மேற்கு. வெளியுலகைப் படத்தின் மேற்புறத்திலும் சர்வர்களைக் கீழே ஒரே வரிசையிலும் வரையும் வழக்கத்தால் வந்த பெயர்களே இவை. திசைகாட்டிக்கும் இவற்றுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

சென்ற வாரம் கரும்பலகையில் ‘கிழக்கு–மேற்கு ஓட்டம்’ என்று எழுதி, அதைப் படமாக வரையச் சொன்னேன். முன்வரிசைப் பெண் எழுந்து வந்து மேலிருந்து கீழாக நேர்கோட்டில் ஓர் அம்பு போட்டாள். ‘மேற்கு என்றால் மேலே, கிழக்கு என்றால் கீழே, அப்படித்தானே சார்?’ என்றாள். அவளுடைய தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். மேலத்தெரு, கீழத்தெரு என்று வீட்டில் கேட்டே வளர்ந்தவள். சொல்லளவில் அவள் சொன்னது சரியாக இருந்ததால், சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுப் பேசாமல் நின்றேன். பாடம் எதை விளக்க வந்ததோ அதற்கு நேர் எதிரானதை அந்த அம்பு காட்டியது.

இதைச் சிறு பிழை என்று விட்டுவிட முடியாதபடி இயல் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டின்மேல்தான் நிற்கிறது. ஸ்விட்சுகளை, அதாவது தரவை வழிமாற்றிவிடும் கருவிகளை, மூன்று நிலைகளாக அடுக்கிய பழைய அமைப்பு வெளியார் கேட்பதை எடுத்துக் கொடுப்பதற்கென்று வளர்ந்தது. இன்றோ ஒருவர் கைப்பேசியில் தம் வங்கிக் கணக்கைத் திறந்தால், அடையாளச் சரிபார்ப்பு, இருப்பு, பரிமாற்றப் பட்டியல், மோசடிக் கண்காணிப்பு என்று பல சர்வர்கள் தங்களுக்குள் பேசி முடித்த பிறகே அவருக்கு ஒரு பக்கம் திரும்பி வருகிறது. பெருந்தரவில் இந்த உள்பேச்சு இன்னும் மிகுதி. பெரிய கணக்கைப் பல சர்வர்களுக்குப் பங்கிட்டுக் கொடுப்பதற்காகக் கூகுள் 2004-இல் வெளியிட்ட மேப்ரெட்யூஸ் முறையில், தனித்தனியாகக் கணக்கிட்டதை ஒன்றுசேர்க்கும் கட்டத்தில் பல சர்வர்கள் ஒரே நேரத்தில் மற்றப் பல சர்வர்களுக்குத் துண்டுகளை அனுப்புகின்றன. பெருந்தரவு மென்பொருளான ஹடூப்பின் கோப்பு முறைமையும் ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் வழக்கமாக மூன்று நகல்களை வைத்திருக்கிறது. அந்த நகல்களும் இந்த வழியில்தான் நகர வேண்டும்.

மாணவர்களுக்கு இதை எங்கள் ஊர்ப் பேருந்தை வைத்துச் சொல்கிறேன். பள்ளத்தாக்கின் அந்தப் பக்கத்து ஹட்டி, அதாவது படகர் சிற்றூர், கண்ணெதிரே தெரியும், துணி உலர்த்துவது கூடத் தெரியும். ஆனால் பேருந்தில் போவதென்றால் கோத்தகிரிக்கு வந்து வண்டி மாறித்தான் போக வேண்டும். எல்லா ஹட்டிக்காரர்களும் அப்படியே வருவதால் பேருந்து நிலையம் திணறுகிறது. அந்த எதிர்மேட்டுப் பயணத்துக்குத்தான் எனக்கு ஒரு பெயர் வேண்டும்.

குன்னூரிலிருந்து, திங்கள் நண்பகல்

சாருக்கு வணக்கம். இருபது ஆண்டுகளாகத் தரவு மையங்களில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ‘ஈஸ்ட்–வெஸ்ட் ட்ராஃபிக்’ என்று தமிழ் எழுத்தில் எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போங்கள். நேர்முகத் தேர்வில் அதைத்தான் கேட்பார்கள்.

பேருந்து உவமையோடு சாலையையும் சேர்த்துக்கொள்ளலாம். சீசனில் வண்டிகளைக் குன்னூர் வழியாக ஏற்றிக் கோத்தகிரி வழியாக இறக்குகிறார்கள். இரண்டு சாலையும் பயன்படுகின்றன. ரேடியா பெர்ல்மன் 1985-இல் வகுத்த ஸ்பானிங் ட்ரீ முறையோ, தரவு சுற்றிச் சுற்றி வரும் சுழல் உண்டாகாதிருக்க ஒரு சாலையை மூடியே வைக்கும். குன்னூர்ச் சாலையில் மண் சரிந்தால்தான் மற்றதைத் திறக்கும். சர்வர்களை இணைக்கும் லீஃப் ஸ்விட்சுகள் கீழே, அவற்றை இணைக்கும் ஸ்பைன் ஸ்விட்சுகள் மேலே என்று இரண்டே அடுக்குள்ள லீஃப்–ஸ்பைன் அமைப்பு அந்தத் தயக்கத்தை விட்டது. ஒவ்வொரு லீஃப் ஸ்விட்சும் எல்லா ஸ்பைன் ஸ்விட்சுகளோடும் இணைந்திருப்பதால், வெவ்வேறு லீஃப்களில் இருக்கும் எந்த இரண்டு சர்வர்களுக்கும் நடுவில் மூன்றே ஸ்விட்சுகள். நான்கு ஸ்பைன்களில் ஒன்று விழுந்தால் போவது கால் பங்குத் திறன் மட்டுமே. இதன் கணக்கு தொலைபேசி இணைப்பகங்களுக்காகச் சார்லஸ் குளோஸ் 1953-இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. லீஃபில் சர்வர்களுக்கு 10 கிகாபிட் வாயில்கள் 48, மேல்நோக்கி 40 கிகாபிட் இணைப்புகள் 4 என்று வைத்தால், 480-க்கு 160, அதாவது மூன்றுக்கு ஒன்று. இந்த விகிதத்தைக் கையேட்டில் கட்டாயம் போடுங்கள்; பெயர் எதுவானாலும் காசு அங்கேதான் செலவாகிறது.

கூடலூரிலிருந்து, திங்கள் இரவு

மேற்கு மேலிருந்தும் கிழக்கு கீழிருந்தும் பிறந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அது மலைக்குக் கிழக்கே வாழ்ந்தவர்களின் கணக்கு. கூடலூரிலிருந்து உதகைக்கு நாங்கள் கிழக்கு நோக்கித்தான் ஏறுகிறோம். எங்களுக்கு மேலே இருப்பது கிழக்கு. அந்த மாணவி இங்கே பிறந்திருந்தால் அம்பைத் தலைகீழாகப் போட்டிருப்பாள். எங்கள் கடைத்தெருவில் பாதிப் பேர் மேற்கைப் படிஞ்ஞாறு என்பார்கள். ஞாயிறு படும் திசை என்பது எந்த மலையில் நின்று சொன்னாலும் பொய்க்காது.

கொடைக்கானலிலிருந்து, செவ்வாய் காலை

கூடலூர் அன்பர் சொன்னதில் பாதியைக் கால்டுவெல் எப்போதோ சொல்லிவிட்டார். மலையாள நாட்டில் மலை கிழக்கே இருந்தும் அவர்கள் அத்திசையைக் கிழக்கு என்றே அழைப்பதால், அம்மொழியினர் மலைக்கு இப்பாலிருந்து சென்றவர்கள் என்பது அவர் வாதம். அவர் 1891-இல் மறைந்தது எங்கள் கொடைக்கானலில்தான் என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கூடுதல் உரிமை உண்டு.

ஆனால் சிக்கலைத் தீர்க்கும் வழி அதற்கும் முந்தியது. புறநானூற்றின் ஆறாம் பாட்டில் காரிகிழார் பாண்டியனின் புகழுக்கு எல்லை வகுக்கும்போது கிழக்கைக் குணக்கு என்றும் மேற்கைக் குடக்கு என்றும் சொல்லி, அவற்றை முடித்த பிறகு கீழையும் மேலையும் தனியே வைக்கிறார். திசை வேறு, உயரம் வேறு என்ற தெளிவு அவருக்கு இருந்தது. ஆகவே ‘குணகுட ஓட்டம்’ என்பதே பொருத்தம். குணகடல், குடகடல் என்ற வழக்கு இருக்கும்போது ஈஸ்ட்–வெஸ்ட் என்று எழுதச் சொல்வது, நம் வீட்டு நெல் குதிரில் இருக்க அண்டை வீட்டில் அரிசி கேட்பதாகும்.

குன்னூரிலிருந்து, செவ்வாய் காலை

குதிரில் இருப்பது உண்மைதான் ஐயா. அதைக் குத்தி, புடைத்து, சமைத்து முடிப்பதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிடும்.

உதகையிலிருந்து, செவ்வாய் மாலை

குணகுட ஓட்டத்தை என் பள்ளி மாணவிகள் மூவரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தி நல்ல குணம் என்றாள், ஒருத்தி தண்ணீர்க் குடம் என்றாள், மூன்றாமவள் சிரித்தாள். கொடைக்கானல் ஐயா மன்னிக்க வேண்டும். தமிழாசிரியையாகிய எனக்கே அது வகுப்பில் எடுபடாது.

திசைகளை விட்டுவிட்டுப் பொருளைப் பார்த்தால், மையத்துக்குள் நடப்பதும் வெளியோடு நடப்பதுமே வேறுபாடு. அதற்கு அகம், புறம் என்ற இணையைவிட நமக்கு நெருங்கியது எது? அகப்போக்கு, புறப்போக்கு என்று வைக்கலாமே.

கூடலூரிலிருந்து, செவ்வாய் இரவு

டீச்சர் அம்மா, நிலப் பட்டாவுக்கு இத்தனை ஆண்டுகளாக அலையும் எங்கள் ஊரில் ‘புறப்போக்கு’ என்று எழுதினால் புறம்போக்கு என்றுதான் படிப்பார்கள். ‘போக்கு’ என்று முடியும் இன்னொரு சொல்லும் மாணவர்களின் நினைவுக்கு வரும். அதை நான் இங்கே எழுதவில்லை.

குன்னூரிலிருந்து, புதன் காலை

ஒலியை விடுங்கள், அகம் என்பதில் பொருட்பிழையே இருக்கிறது. மேகக் கணிமையில் ஒரே கட்டடத்துக்குள் ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்கள் ஒருவரை ஒருவர் அறியாமல் குடியிருக்கிறார்கள். அவர்களைப் பிரித்து வைக்கப் பழைய விலேன் முறையில் கிடைத்தவை, பிரிவுக்கு ஒன்றாக, 4,094 எண்கள்தாம். அவை போதாமல்தான் 2014-இல் ஆவணமாக வந்த விஎக்ஸ்லேன் முறையில் 24 பிட் ஒதுக்கி, ஒரு கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட எண்களுக்கு இடம் செய்தார்கள். ஒரு குடித்தனத்துக்கு அகம் என்பது அடுத்த குடித்தனத்துக்குப் புறம். மேலும், ஒரே நிறுவனத்தின் இரண்டு தரவு மையங்களுக்கு இடையே நடப்பதையும் நாங்கள் ஈஸ்ட்–வெஸ்ட் என்றே சொல்வதுண்டு. அது கட்டடத்தை விட்டே வெளியேறுகிறது. ஆகவே சமநிலையில் உள்ள இருவருக்கிடையே என்ற பொருள்தான் உயிர். ஈஸ்ட்–வெஸ்ட் வேண்டாமென்றால் ‘கிடையோட்டம்’ என்று வையுங்கள். கிடைமட்டம் எல்லோருக்கும் தெரியும்.

உதகையிலிருந்து, புதன் மாலை

அகத்தை விட்டுக்கொடுக்கிறேன், குடித்தனக் கணக்கு எனக்குத் தெரியாது. ஆனால் கிடை என்றதும் ஆட்டுக்கிடையும், நோயில் கிடையாய்க் கிடப்பதும் முன்னே வந்து நிற்கின்றன. கிடந்தது எப்படி ஓடும்? ‘பக்கவாட்டு ஓட்டம்’ என்றால் நீளம்தான், ஆனால் ஒருவரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

கோத்தகிரியிலிருந்து, வியாழன் இரவு

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ‘பக்கவாட்டு ஓட்டம்’ என்று மட்டும் பலகையில் எழுதி, அதே மாணவியை வரையச் சொன்னேன். இரண்டு சர்வர்களுக்கு நடுவே குறுக்காகக் கோடு போட்டவள், சற்று யோசித்துவிட்டு அதை அழித்தாள். லீஃபுக்கு ஏறி, ஸ்பைனைத் தொட்டு, மறுபடி இறங்கும் கோட்டை வரைந்தாள். ‘பக்கத்துக்குப் போவதற்கும் ஏறி இறங்கத்தானே வேண்டும்?’ என்றாள். மலைப்பிள்ளைக்கு அதில் வியப்பு ஒன்றுமில்லை.

குழுவில் இதற்கு உதகையும் கூடலூரும் ஆதரவு. குன்னூர் நண்பர் ‘எதையாவது போட்டு முடியுங்கள்’ என்று தொலைபேசியில் சொன்னதையும் ஆதரவாகவே எடுத்துக்கொண்டேன். அடைப்புக்குறிக்குள் ‘ஈஸ்ட்–வெஸ்ட்’ வரும். குணகுடம் அடிக்குறிப்பில் இடம்பெறும்.

கொடைக்கானலிலிருந்து, வெள்ளி காலை

அடிக்குறிப்புக்கு நன்றி, ஆயினும் நான் உடன்படவில்லை என்பதைக் குழுவின் ஆவணத்தில் பதிந்து வைக்கவும். பக்கவாட்டில் ஓடுவது நண்டு. மேலும், ஐந்து நாள் பேசியதில் கிழக்கு–மேற்குக்கு மட்டுமே சொல் பிறந்திருக்கிறது. வடக்கு–தெற்குக்கு என்ன எழுதப்போகிறீர்கள்?

கோத்தகிரியிலிருந்து, வெள்ளி மாலை

கேள்வியைப் பார்த்தபோது தாள்கள் அச்சகத்தார் கையில் இருந்தன. அங்கேயே நின்று பேனாவால் ‘வாயில் ஓட்டம்’ என்று திருத்திக் கொடுத்துவிட்டு வந்தேன். பன்னிரண்டாம் பக்கத்தில் ஓரிடம் விடுபட்டிருக்கிறது. அங்கே வடக்கு–தெற்கு என்றே வரும்.