சீலியாக் நோய்: சப்பாத்தியை நிறுத்திய பிறகும் கோதுமை எங்கிருந்து வருகிறது?

கேள்வி (மயூர் விஹார், தில்லி)

அனைவருக்கும் வணக்கம். இரும்புச்சத்து மாத்திரை எடுத்தும் என் கணவருக்கு இரத்தசோகை தீராததால், எண்டோஸ்கோபி மூலம் சிறுகுடல் திசுவை எடுத்துப் பரிசோதித்து, சீலியாக் நோய் (கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்) என்று உறுதி செய்தார்கள். அவருக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. சப்பாத்தி, ரவை, சேமியா, மைதா எல்லாவற்றையும் அன்றே நிறுத்திவிட்டோம். சாதம், சாம்பார், ரசம், இட்லி, தோசைதான் சாப்பிடுகிறார். ஆறு மாதமாகியும் இரத்தத்தில் டி.டி.ஜி. (இந்த நோயில் உயரும் எதிர்ப்பொருள்) அளவு பாதிதான் இறங்கியிருக்கிறது. எங்கோ குளூட்டன் உள்ளே போகிறது என்று மருத்துவர் சந்தேகப்படுகிறார். என் மாமியாரோ, ஒரு வாய் பிரசாதத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறார். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில் (ஆர்.கே.புரம்)

முதலில் பெருங்காய டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில், கட்டியானாலும் தூளானாலும், பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய், அப்பளம் என்று நம் சமையலில் அது இல்லாத நாளே கிடையாது. அரிசி மாவு சேர்த்துச் செய்த பெருங்காயமும் இப்போது கிடைக்கிறது.

அடுத்தது மாவு மில். தில்லிச் சக்கிகளில் நாள் முழுவதும் கோதுமை அரைபடும்; அதே கல்லில் அரைத்த அரிசி மாவையும் கடலை மாவையும் நம்ப முடியாது. ஊரிலிருந்து வரும் சாம்பார்ப் பொடி எந்த இயந்திரத்தில் அரைக்கப்பட்டது என்றும் விசாரியுங்கள். மற்றவர்களுக்குச் சப்பாத்தி போடும் கல்லிலேயே இவருக்குத் தோசை வார்க்க வேண்டாம்.

மாமியாருக்குச் சொல்ல ஒரு கணக்கு: நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உள்ளே போனால்கூடக் குடல் பாதிக்கப்படுவதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். ஒரு ரொட்டித் துண்டில் ஏறத்தாழ 2 கிராம் இருக்கும்.

பதில் (கரோல் பாக்)

நானும் இந்த நோயுள்ளவன்தான். வீட்டைவிட வெளியில்தான் சிக்கல் அதிகம். அலுவலகக் கேன்டீனின் மெதுவடையில் கோதுமை இல்லையென்றாலும், பூரியும் சமோசாவும் பொரித்த எண்ணெயில் போட்டால் அது எனக்கு ஆகாது. மால்ட் சேர்த்த சத்துப் பானங்கள், பீர் இரண்டிலும் பார்லி இருப்பதையும், பல சோயா சாஸ்களில் கோதுமை இருப்பதையும் பலர் கவனிப்பதில்லை. நவராத்திரி விரதக் காலத்தில் தில்லிக் கடைகளில் குவியும் குட்டு (பக்வீட்) மாவிலும் சிங்காடா (நீரில் வளரும் ஒரு கொட்டை) மாவிலும் இயல்பாகக் குளூட்டன் கிடையாது. ஆனால் சில்லறையாக அளந்து தருவதை நான் வாங்குவதில்லை. குளூட்டன் இல்லாதது என்று முத்திரையிட்ட பொட்டலத்தில், சட்டப்படி, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது.

பிரசாதம் என்றால் சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொள்வேன், அதுவும் தனிக் கரண்டியில் எடுத்தால் மட்டும். ரவா கேசரி ஆகவே ஆகாது. புளியோதரையில் பெருங்காயம் இருப்பதால் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிடுவேன். சுவாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பதில் (துவாரகா)

மேலே சொன்னவை எல்லாம் சரி. ஆயினும், டி.டி.ஜி. பாதியாக இறங்கியிருப்பதை மோசம் என்று சொல்லிவிட முடியாது. தொடக்கத்தில் அளவு மிக உயர்ந்திருந்தவர்களுக்கு அது இயல்பு நிலைக்கு வர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். பெரியவர்களின் குடல் ஆற இன்னும் நாளாகும். ஆகையால் போக்கைக் கவனியுங்கள். எலும்பு அடர்த்தி, வைட்டமின் டி, பி12, ஃபோலேட் ஆகியவற்றைப் பார்க்க வேண்டுமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள்.

உங்களுக்குக் குழந்தைகள் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவர்களுக்கும், கணவரின் உடன்பிறந்தவர்களுக்கும், மாமியாருக்கும்கூட இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். நோயாளியின் நெருங்கிய இரத்த உறவினருக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பரிசோதனை முடியும்வரை அவர்கள் யாரும் கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்திவிட்டுப் பார்த்தால், நோய் இருந்தும் இல்லையென்று முடிவு வரக்கூடும்.