'ஐ வில் கம் டு யுவர் ஆபீஸ்' தப்பாமே!

நேர்கோடு: 'கம்' என்றால் பேசுபவரை நோக்கி. 'கோ' என்றால் விலகி. ஆகவே 'ஐ வில் கம் டு யுவர் ஆபீஸ் டுமாரோ' தப்பு, 'கோ' தான் சரி. இதுகூடத் தெரியாதவர்கள்தான் ஆங்கிலம் சொல்லி கொடுக்கிறார்கள்.

சொல்வெட்டு: பாதி விதியை வைத்து முழுத் தீர்ப்பு! கேட்பவர் இருக்கும் இடத்துக்கும் 'கம்' தான். 'டின்னர் இஸ் ரெடி' என்று கூப்பிட்டால் 'ஐ ஆம் கமிங்'. 'ஐ ஆம் கோயிங்' என்றால் சாப்பிடாமல் வேறெங்கோ கிளம்புகிறார் என்று அர்த்தம். நீங்கள் சொல்லும் விதி ஸ்பானியத்துக்குச் சரி. அங்கேதான் 'யா வோய்', அதாவது போகிறேன், என்பார்கள்.

நேர்கோடு: ஸ்பானியம் யார் கேட்டது? 'கம்' பேசுபவரை நோக்கித்தான்.

சொல்வெட்டு: தமிழில் 'உங்க ஆபீசுக்கு நாளைக்குப் போறேன்' என்று அவரிடமேவா சொல்வீர்கள்? வரவும் தரவும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை என்று தொல்காப்பியமே சொல்கிறது. நாளை அந்த நேரத்தில் கேட்பவர் அங்கே இருப்பாரா என்று மட்டும் பாருங்கள். இருப்பார் என்றால், இப்போது இருவருமே ஆபீசில் இல்லாவிட்டாலும் 'கம்'. 'பிரிங்', 'டேக்' கதையும் இதேதான்: அவரிடம் ஃபைலைக் கொண்டுபோனால் 'ஐ வில் பிரிங் இட் டு யூ', மூன்றாம் ஆளிடம் என்றால் 'டேக்'.

நேர்கோடு: ஆரம்பித்துவிட்டார், தொல்காப்பியம்! 'சின்ஸ்', 'ஃபார்' திரியிலும் இதே கச்சேரிதான்.

அரைப்புள்ளி: சொல்வெட்டு சார், 'ஐ கேம் டு யுவர் ஹவுஸ் யெஸ்டர்டே, பட் யூ வேர் அவுட்.' கேட்பவர் அங்கே இல்லையே, எப்படி 'கேம்'?

சொல்வெட்டு: அது அவர் வீடு. ஆள் வெளியே போயிருந்தாலும் அவருடைய இடம்தான். மொழியியலாளர் சார்லஸ் ஃபில்மோர் 1971 உரைகளிலேயே இதைப் பிரித்துக் காட்டிவிட்டார்.

அரைப்புள்ளி: ஆக, அவர் இருக்கணும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நல்ல விதி!

சொல்வெட்டு: வீட்டுக்குத்தான் அந்தச் சலுகை. அவர் நேற்று இறங்கிய ரயில் நிலையத்துக்கு, அவர் போன பிறகு நீங்கள் போயிருந்தால் 'வென்ட்' தான். படித்துவிட்டு வாருங்கள். நேர்கோடு அவர்களே, 'சொல்லிக் கொடுக்கிறார்கள்', க் போடணும். முதல் பதிவிலேயே ஒற்று போச்சு.

நேர்கோடு: ஒற்றுக்கும் ஆங்கிலத்துக்கும் என்ன சம்பந்தம்?

சொல்வெட்டு: இலக்கணம் பேசுகிறவருக்குச் சம்பந்தம் உண்டு.

அரைப்புள்ளி: அப்போ ரயில் நிலையத்தில் அவரும் இருந்திருந்தால்?

சொல்வெட்டு: 'கேம்'. மேலே மூன்று முறை எழுதியாச்சு.

நேர்கோடு: மூன்று முறை எழுதினாலும் 'கம்' பேசுபவரை நோக்கித்தான்.