புதுப்பிப்பு: அப்பாவோட ஜீன் டெஸ்ட் ரிசல்ட் வந்துடுச்சு

போன மாசம் இங்க கேட்டிருந்தேன்ல, அப்பாவுக்கு 61 வயசுல ப்ராஸ்டேட் கேன்சர், எலும்புக்கும் பரவிடுச்சு, அத்தைக்கு முன்னாடியே மார்புல கேன்சர் வந்திருக்கு, ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குமான்னு. இருக்குங்க. அப்பாவுக்கு பிஆர்சிஏ2ங்கற ஜீன்ல கோளாறு, மார்பு கேன்சரோட சேர்த்துப் பேசுவாங்களே, அந்த ஜீன்தான்.

இத்தனை நாள் அது பொம்பளைங்க சமாச்சாரம்னே நெனச்சிட்டிருந்தோம். அந்த ஜீன் 13வது குரோமோசோம்ல இருக்கு, அறுந்துபோற டிஎன்ஏவை சரிபண்றதுதான் அதோட வேலை, அது கெட்டுப்போனா ஆம்பளைக்கும் ப்ராஸ்டேட் கேன்சர் ரிஸ்க்தான், வந்தா வேகமா பரவுற வகையா வர வாய்ப்பும் ஜாஸ்தி. பிள்ளைங்களுக்கு இறங்குறது பாதிக்குப் பாதி, பொண்ணு பையன்னு வித்தியாசமே கிடையாது.

கவுன்சிலிங் மேடம் ஒரு பேப்பர்ல சதுரமும் வட்டமுமா எங்க குடும்பத்தையே வரைஞ்சாங்க, கேன்சர் வந்ததுக்கு அடையாளமா அத்தையோட வட்டத்தை பேனாவால கறுப்பாக்கினப்போ அப்பா அதுலேர்ந்து கண்ணையே எடுக்கல, "உனக்கும் குடுத்துட்டேனாடா"ன்னு மட்டும் கேட்டார், எனக்கு தொண்டை அடைச்சிடுச்சு.

எனக்கும் இருக்கு. தங்கச்சிக்கு இல்ல, அது பெரிய நிம்மதி. எனக்கு 41, இனி வருஷா வருஷம் ப்ராஸ்டேட்டுக்கான பிஎஸ்ஏ ரத்த டெஸ்ட், முதல் ரிசல்ட் 0.8, பயப்பட ஒண்ணுமில்லன்னாங்க. அப்பாவுக்கு ஹார்மோன் ஊசி கேக்காம போனா ஓலாபரிப் மாத்திரை இருக்குன்னு டாக்டர் சொன்னார், இந்த ஜீன் கோளாறு இருக்கறவங்களுக்கு அது நல்லா வேலை செய்யும். சித்தப்பாவும் அத்தை பொண்ணுங்களும்தான் இன்னும் டெஸ்டுக்கு வரமாட்டேங்கிறாங்க, ஞாயித்துக்கிழமை அந்த பேப்பரை எடுத்துக்கிட்டு நேர்லயே போறேன்.