1969 எம்.ஜி.பி திறந்த காருக்கு எந்த எஞ்சின் மவுண்ட் வாங்குவது?

கேள்வி: கோபிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்திலிருந்து எழுதுகிறேன். என் தகப்பனார் வைத்திருந்த 1969ஆம் ஆண்டு எம்.ஜி.பி ரோட்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் திறந்த கார் இரண்டு ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. துணிக்கூரை, 1798 சிசி எஞ்சின், நான்கு கியர், வலப்பக்க ஸ்டீயரிங். சென்ற மாதம் பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறினேன். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளிலும் முதல் கியரில் கிளட்சை விடும்போதெல்லாம் அடியிலிருந்து ஒரு முறை "டொக்" என்று அடித்தது. இறங்கும்போது பிரேக்கை அழுத்தினால் முன்னால் ஏதோ உரசுகிற ஓசை கேட்டது. வீட்டுக்கு வந்து பானெட்டைத் திறந்து பார்த்தபோது, ரேடியேட்டரின் பின்முகத்தில் ஃபேன் இதழ் தொட்டுத் தேய்த்த வெள்ளைக் கோடு பிறைபோல இருந்தது.

டார்ச் அடித்துப் பார்த்ததில், எஞ்சினை வண்டியின் உடலோடு பிணைத்துத் தாங்கும் இரண்டு முன்மவுண்டுகளில் இடப்பக்க மவுண்டின் ரப்பர் இரும்புத் தகட்டை விட்டுப் பிரிந்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகை ஒன்றை அந்த இடுக்கில் செருகினேன், பாதி வரை தடையின்றிப் போயிற்று. வலப்பக்க ரப்பர் பிரியவில்லை, ஆனால் எண்ணெயில் ஊறி உப்பிப்போய், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது.

எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. இங்கிலாந்திலிருந்து பழைய அமைப்பிலேயே வார்த்த ரப்பர் மவுண்டுகளை வரவழைக்கலாம். ஆயுள் அதிகம் என்று சொல்லப்படுகிற, ரப்பரைவிட இறுகலான பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளாலான மவுண்டுகளை வாங்கலாம். அல்லது, "அம்பாசடர் எஞ்சினும் இதுவும் ஒரே வம்சம்தானுங்க, அதன் ரப்பரையே மாட்டிவிடலாம்" என்று எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணன் சொல்வதைக் கேட்கலாம். வண்டி பந்தயத்துக்குப் போகப் போவதில்லை. மாதம் இரண்டு முறை மலையேறும், மற்ற நாட்களில் பவானி, சத்தி என்று சுற்றும். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: ஆழியாறு வாசி

தம்பி, பொள்ளாச்சியில் 1971ஆம் ஆண்டு எம்.ஜி.பி ஒன்றை ஓட்டி வருகிறேன். பாலியூரித்தேனில் ஒன்றரை ஆண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் ரப்பருக்கே திரும்பியவன் என்பதால் அதைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல முடியும்.

மாட்டிய முதல் நாள் மிகவும் பிடித்திருந்தது. கியர் மாற்றும்போது எஞ்சின் அசைவதே தெரியவில்லை. ஆக்சிலேட்டரை மிதித்த அடுத்த நொடியே வண்டி கேட்டது. ஆனால் சிக்னலில் நிற்கும்போது உள்கண்ணாடியில் பின்னால் நின்ற பேருந்தின் பலகையைப் படிக்க முடியவில்லை, அவ்வளவு நடுக்கம். மூடிய கார்களுக்குக் கூரையும் தூண்களும் சேர்ந்து ஒரு பெட்டியின் உறுதியைத் தருகின்றன. நம் வண்டிக்கு மேலே ஒன்றுமில்லை. தரையும் கதவுகளுக்கு அடியில் ஓடும் பக்கவாட்டுச் சில்களும்தான் முழுச் சுமையையும் தாங்குகின்றன. அதனால் எஞ்சினிலிருந்து உடலுக்குள் வரும் அதிர்வு முதலில் போய்ச் சேர்வது முன்கண்ணாடிச் சட்டத்தில்தான். என் வண்டியில் அந்தச் சட்டத்தின் அடித் திருகுகள் இரண்டு தாமாகவே தளர்ந்து வந்தன. கூரையை மடக்கி ஓடும்போது காற்றோசையில் எதுவும் தெரியாது. மழைக்குக் கூரையைப் போட்டுக்கொண்டு வால்பாறை இறங்கிய அன்று, துணி முழுவதும் மேளத்தோல் போல அதிர்ந்துகொண்டே வந்தது.

வாங்கும்போது ஆண்டைத் தெளிவாகச் சொல்லி வாங்குங்கள். எம்.ஜி.பி 1962 முதல் 1980 வரை வந்த வண்டி. எல்லா ஆண்டுக்கும் ஒரே மவுண்ட் பொருந்தாது. 1974 இறுதியில் குரோம் பம்பர் போய்க் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தபோது முன்மவுண்டுகளின் அமைப்பும் மாறிவிட்டது. 1967 இறுதியில் நான்கு கியருக்கும் சின்க்ரோ (கியர் உரசாமல் மாற உதவும் அமைப்பு) உள்ள கியர்பாக்ஸ் வந்ததால், அதைத் தாங்கும் பின்பக்கக் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரும் அதன் ரப்பர்களும் அதற்கு முந்தைய வண்டிகளினின்று வேறு. முன்னால் இரண்டை மட்டும் மாற்றிவிட்டுப் பின்பக்க ரப்பரைப் பழையதாகவே விடாதீர்கள்; எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உடலாகத் தொங்குகின்றன, ஒரு முனை தளர்ந்தால் மறுமுனையில் உள்ள புதிய ரப்பர்தான் அந்த இழுவையை வாங்கும்.

பதில் 2: பஃபிங் பிரிவு, பீளமேடு

வணக்கம் தம்பி. கோவை நூற்பாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரத்தின் மேல் உருளைகளுக்குப் போடும் ரப்பர் உறைகளான காட்ஸை, ரப்பரின் கடினத்தைக் காட்டும் ஷோர் மீட்டரால் அளந்து, தேய்த்து, மறுபடியும் அளப்பதே என் வேலையாக இருந்தது. எஞ்சின் மவுண்டுக்கும் அதே கணக்குத்தான் அடிப்படை என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் மவுண்டுகள் ஏன் அப்படி வேறு வேறு விதமாகக் கெட்டன என்று பாருங்கள். இந்த எஞ்சினில் கார்புரேட்டர்களும் எக்சாஸ்ட் மேனிஃபோல்டும் இடப்பக்கத்திலேயே இருக்கின்றன. ஆயில் ஃபில்டர் வலப்பக்கம் இருக்கிறது. ஆகவே இடப்பக்க ரப்பர் சூட்டில் காய்ந்தது, வலப்பக்க ரப்பர் எண்ணெயில் ஊறியது. இதற்கு மேல், முன்னோக்கிப் புறப்படும்போது எஞ்சின் தன் இடப்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கமாகச் சாயப் பார்க்கும். இந்த எஞ்சினின் உச்ச முறுக்குவிசை சுமார் 150 நியூட்டன் மீட்டர். முதல் கியர் விகிதம் 3.44 என்பதால் மவுண்டுகள் தாங்க வேண்டிய எதிர்முறுக்கு 500ஐத் தாண்டும். ஏற்கெனவே காய்ந்துபோன ரப்பரைக் கொண்டை ஊசி வளைவுதோறும் அவ்வளவு விசை மேல்நோக்கி இழுத்தால் தகட்டை விட்டுப் பிரியாமல் என்ன செய்யும்? நீங்கள் கேட்ட "டொக்" என்ற ஓசை, தூக்கப்பட்ட எஞ்சின் திரும்பத் தகட்டின் மேல் உட்காரும் ஓசையாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது ரப்பரின் கடினத்தன்மை. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. 800 ஆர்.பி.எம்மில் ஐடிலிங் ஓடினால் நிமிடத்துக்கு 1600, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 27 உதறல். ரப்பரின் மேல் உட்கார்ந்திருக்கும் எஞ்சினுக்கு அதற்கே உரிய ஓர் ஆட்ட வேகம் உண்டு. அந்த வேகம் 27ஐ 1.4ஆல் வகுத்து வரும் 19க்கு நன்றாகக் கீழே இருந்தால்தான் ரப்பர் அதிர்வை வடிகட்டும். அதைத் தாண்டினால் வடிகட்டுவதற்குப் பதிலாகப் பெருக்கிக் காட்டத் தொடங்கும். ஷோர் அளவில் 10 எண் கூடினால் ரப்பரின் விறைப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். ஆட்ட வேகம் விறைப்பின் வர்க்கமூலத்தைப் பின்பற்றி ஏறும். 55 ஷோர் ரப்பரில் ஆட்டம் நொடிக்கு 12 என்று வைத்துக்கொண்டால், அதே வடிவத்தில் 80 ஷோர் பொருளை வைக்கும்போது அது 20ஐத் தொடும். ஆழியாறு வாசி அவர்கள் கண்ணாடியில் பார்த்த நடுக்கத்துக்குக் காரணம் இதுதான். பாலியூரித்தேன் கெட்ட பொருள் அன்று. எண்ணெயை நன்றாகத் தாங்கும். ஆனால் பந்தயத்தில் 4000க்கு மேலேயே சுழலும் எஞ்சினுக்கு ஐடிலிங் நடுக்கம் ஒரு பொருட்டில்லை. சத்தி சாலையில் நின்று நின்று போகும் உங்களுக்கு அது பொருட்டு.

கோவையில் ரப்பர் வார்ப்புப் பட்டறைகளுக்குக் குறைவில்லை. பழைய தகடுகளைக் கொடுத்தால் புதிதாக வார்த்துத் தருவார்கள். அப்படிச் செய்வதானால் இரண்டு விஷயங்களை நேரில் நின்று பாருங்கள். தகட்டைச் சாண்ட் பிளாஸ்ட் செய்து, அன்றே பிரைமரும் பசையும் பூசி, அச்சுக்குள் வைத்து வெப்பமும் அழுத்தமும் கொடுத்து ரப்பர் வேகும்போதே தகட்டோடு பிணைக்க வேண்டும். வெந்த ரப்பர்த் துண்டை வெட்டி டியூப் பஞ்சர் ஒட்டுவதுபோல் ஒட்டிக் கொடுத்தால், பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும், திம்பம் தாண்டாது. மற்றொன்று, ஷோர் அளவைப் பழைய ரப்பரின் மேற்பரப்பில் அளக்காதீர்கள். உங்களுடையதில் ஒன்று காய்ந்து இறுகியது, மற்றொன்று ஊறி இளகியது. இரண்டுமே பொய் சொல்லும். காய்ந்ததை ரம்பத்தால் குறுக்கே அறுத்து, நடுவில் கறுப்பு மாறாமல் இருக்கும் இடத்தில் மீட்டரை வைத்தால் ஓரளவு உண்மை தெரியும். நான் செய்வதாக இருந்தால் 55 முதல் 60க்குள் இயற்கை ரப்பரில் செய்வேன். எண்ணெய்க் கசிவை நிறுத்தவே முடியாது என்றால் வலப்பக்கத்துக்கு மட்டுமல்லாமல் இரண்டு பக்கத்துக்கும் எண்ணெயைத் தாங்கும் செயற்கை ரப்பரான நியோபிரீனில் செய்வேன். இடம் ஒரு பொருள், வலம் ஒரு பொருள் என்று வேண்டாம்.

பல ஆண்டுகளாகப் பெட்டி பிரிக்காமல் இருந்த பழைய சரக்கு கிடைத்தால் ஆசைப்படாதீர்கள். ரப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் முதுமை அடையும்.

பதில் 3: சங்ககிரி பட்டறை

அம்பாசடர் ரப்பரைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் சொல்கிறேன். உங்கள் மெக்கானிக் சொல்லும் வம்சக் கதை உண்மைதான். அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் எம்.ஜி.பியின் 1798 சிசி எஞ்சினும் பிரிட்டிஷ் நிறுவனமான பி.எம்.சியின் பி வரிசை எஞ்சின்களில் பிறந்தவை. ஆனால் மவுண்ட் என்பது எஞ்சினுக்கு மட்டும் சொந்தமான பொருள் அன்று. அதன் மறுபாதி வண்டியின் உடலில் இருக்கும் பிராக்கெட்டுக்குச் சொந்தம், அங்கே உறவு எதுவும் இல்லை. ஓட்டையை ராவி ரப்பரை உட்கார வைத்துவிட முடியும். அதன் பிறகு எஞ்சின் எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதற்குப் பொறுப்பு யார்? உங்கள் ரேடியேட்டரில் ஏற்கெனவே கோடு விழுந்திருக்கிறது. வேண்டாம்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை: சம்ப்புக்கு (எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி) அடியில் அகலமான மரப்பலகை வைத்துத்தான் ஜாக்கி கொடுக்க வேண்டும், தூக்கும் முன் ஃபேன், ரேடியேட்டர் ஹோஸ், சோக் கேபிள் ஆகியவற்றின் இடைவெளியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லா போல்ட்டுகளையும் கைவிரலால் மட்டும் ஏற்றி, எஞ்சின் எடையை ரப்பரின் மேல் இறக்கி, அது தானாக உட்கார்ந்த பிறகே இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் புதிய ரப்பர் முதல் நாளிலிருந்தே முறுக்கிய நிலையில் நிற்கும்.

ஒன்று கேட்கிறேன்: எஞ்சினுக்கும் உடலுக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையைப் பார்த்தீர்களா? ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அந்தப் பட்டை அறுந்திருந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் முழுவதும் சோக் கேபிள் வழியாகவும் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகவும் வழி தேடும்.

கோபிக்காரன்

ஐயாவுக்கும் அண்ணன்மாருக்கும் நன்றி. நேற்று காலையில் வண்டிக்கடியில் படுத்தேன். எர்த் பட்டையின் ஒரு முனையில் பின்னல் கம்பிகள் நாலைந்து மட்டுமே மிச்சம். சோக் கேபிளின் மேலுறை ஓரிடத்தில் உருகிப் பழுப்பேறியிருக்கிறது. சங்ககிரி அண்ணன் கேட்காமல் இருந்திருந்தால் அதை நான் பார்த்திருக்கவே மாட்டேன்.

எண்ணெய்க் கசிவு ஆயில் ஃபில்டர் சீலிலிருந்து வருகிறது. அதை இந்த வாரமே மாற்றுகிறேன். மவுண்டுகளைப் பொறுத்தவரை, 1969ஆம் ஆண்டு குரோம் பம்பர் வண்டிக்கு என்று குறிப்பிட்டு, பழைய அமைப்பிலேயே வார்த்த ரப்பர் மவுண்டுகள் முன்னால் இரண்டும், பின்பக்க ரப்பர்களும் ஒரே முறையில் வரவழைக்கிறேன். பழைய தகடுகளை எறியாமல் எடுத்து வைக்கிறேன். பஃபிங் பிரிவு ஐயா, பார்சல் வந்ததும் பீளமேட்டுக்குக் கொண்டுவந்தால், மாட்டுவதற்கு முன் உங்கள் மீட்டரால் ஒரு முறை அளந்து பார்க்க முடியுமா?

பஃபிங் பிரிவு, பீளமேடு

தாராளமாக வாருங்கள் தம்பி. காய்ந்த பழைய ரப்பரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். ரம்பம் என்னிடம் இருக்கிறது. வெயில் ஏறினால் ரப்பர் எண் குறைத்துக் காட்டும், ஆகவே பத்து மணிக்கு முன்பே வந்துவிடுங்கள்.