இன்னொரு போர்வெல் போடலாமா, சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போகலாமா?

மாரண்டஅள்ளி விவசாயி:
வணக்கம். பாலக்கோடு பக்கம் இரண்டரை ஏக்கர். கிணறு 60 அடி, தை பிறந்தால் வற்றிவிடும். 850 அடி போரில் தண்ணீர் குறைந்துவிட்டது. போன வாரம் காய் பிடிக்கிற நேரத்தில் தக்காளிச் செடி உச்சி வெயிலில் துவண்டு கிடந்தது, பார்க்கவே முடியவில்லை. நகையை அடகு வைத்து 1,200 அடிக்கு இன்னொரு போர் போடலாம் என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும்?

காரிமங்கலம் அக்கா:
தம்பி, நகையை எடுக்காதீர்கள். நாங்கள் மூன்று போர் போட்டோம். மூன்றாவதில் 1,100 அடி வரைக்கும் கல் மாவுதான் புகையாக வந்தது. போர் போடும் வண்டிக்கு அடிக்கணக்கில் காசு, தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும். அந்தக் கடனுக்குக் கறவை மாடு இரண்டையும் விற்றோம்.

முதலில் இருக்கிற தண்ணீரை அளந்து பாருங்கள். மோட்டார் போட்டதும் அளந்தால் ஏமாந்துபோவீர்கள், ஒரு மணி நேரம் ஓடட்டும். அப்புறம் 20 லிட்டர் பக்கெட்டைப் பிடியுங்கள். எங்களுக்கு 25 செகண்டில் நிறைந்தது, அதாவது மணிக்கு 2,880 லிட்டர். அந்தத் தண்ணீருக்குச் சொட்டுநீர்ப் பைப்பில் மணிக்கு 4 லிட்டர் சொட்டவிடும் டிரிப்பர் 700 தான் ஒரே நேரத்தில் ஓடும். இரண்டடிக்கு ஒன்று வைத்தால் 200 அடி வரிசை ஏழு. அதனால் வால்வு வைத்துப் பிரித்துப் பிரித்து விடுகிறோம். ஆறு மணி நேரத்தில் 17,000 லிட்டர். கோடையில் முக்கால் ஏக்கர் தக்காளிக்குச் சரியாக இருக்கிறது. மீதி நிலத்தில் மழையை நம்பி ராகி.

1990இல் இருந்து விவசாயக் கரண்ட் எல்லாருக்கும் இலவசம். அதனாலேயே போர் வற்ற வற்ற மோட்டாரை ஓடவிடுகிறோம். மோட்டார் காயில் கருகினால் அந்தச் செலவு நம் தலையில்தான்.

5 ஏக்கருக்குள் இருப்பவர்களுக்குச் சொட்டுநீர் மானியம் 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75. சிட்டா, அடங்கல், தாசில்தார் தரும் சிறு குறு விவசாயி சான்று எடுத்துக்கொண்டு தோட்டக்கலை அலுவலகம் போங்கள்.

ராயக்கோட்டையில் இருந்து:
அக்கா கணக்கு சரி. ஆனால் உங்கள் தண்ணீர் உப்பா என்று பாருங்கள். நான் ஃபில்டரைக் கழுவாமல் விட்டு, ஒரே வருடத்தில் பாதி டிரிப்பர் அடைத்துக்கொண்டது. பைப்பைப் பிளந்தால் உள்ளே சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. வாரம் ஒரு தடவை பைப் முனையைத் திறந்து, கலங்கல் போகும்வரை தண்ணீர் விடுங்கள்.

மாரண்டஅள்ளி விவசாயி:
இன்று காலை அளந்தேன் அக்கா. 34 செகண்ட். அப்பா நம்பாமல் இன்னொரு தடவை பிடிக்கச் சொன்னார், அதே 34. அரை ஏக்கர் மட்டும் நடுகிறேன். சான்றுக்கு எழுதிக் கொடுக்க நாளைக்குப் போகிறோம், அப்பாவும் வருகிறார்.